15 ஜிபி எங்கே போகிறது?

கைபேசியில் ஜிமெயிலைத் திறந்தால் மேலேயே எச்சரிக்கை நிற்கிறது: சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இனி மெயில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. பார்த்தவர் பதறி இன்பாக்ஸுக்குள் போய், கண்ணில் படும் மெயில்களை விரலால் தள்ளித் தள்ளி அழிக்கிறார். அரை மணி நேரம் அழித்த பிறகும் எச்சரிக்கை அசையவில்லை. அலுத்துப்போய் அப்படியே விட்டுவிடுகிறார். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர் உள்ள வீட்டில் இதை விடவே கூடாது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் வளவனூரையே எடுத்துக்கொள்வோம். நெல், கரும்பு, மல்லாட்டை விளையும் பகுதியின் நடுவே ஒரு பேரூராட்சி. பட்டம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் குரூப் 4, குரூப் 2 பேச்சு ஓய்வதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்யும்போதே மின்னஞ்சல் முகவரி கொடுத்தாக வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் கலந்தாய்வுக்கும் எப்போது வர வேண்டும் என்ற தகவல் இணையதளம், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வழியாகத்தான் வருகிறது. தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பதில்லை. நீட் விண்ணப்பம், பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி, வங்கிக் கணக்கு எல்லாமே இப்படித்தான். பெட்டி நிரம்பிக் கிடந்தால் அனுப்பிய மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். ஆள் அனுப்பியிருந்தால் போன் போட்டாவது சொல்வார். இந்த மெயில்களை அனுப்புவது கணினி. திரும்பி வந்த மெயிலை அங்கே உட்கார்ந்து படிக்க யாரும் இல்லை. அழைப்பு வந்ததும் தெரியாது, திரும்பிப் போனதும் தெரியாது.

ஆகவே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன்னால், எந்த இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் அழிப்பதால்தான் உழைப்பெல்லாம் வீணாகிறது.

நிரப்பியது மெயில் அல்ல

கூகுள் கணக்கு ஒன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. இது ஜிமெயிலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 15 ஜிபி. ஒரே களத்தில் மூன்று பங்காளிகள் நெல் கொட்டுவது மாதிரி: ஒருவர் களம் முழுக்கக் கொட்டிவிட்டால் மற்ற இருவருக்கும் இடம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் களத்தை நிரப்பியவர் போட்டோஸ். அடுத்தவர் டிரைவுக்குள் போய் உட்காரும் வாட்ஸ்அப் பேக்கப். மெயில் ஓரமாகக் கொஞ்சம் இடத்தில்தான் இருக்கும். ஆனால் எச்சரிக்கை ஜிமெயிலில் வருவதால் எல்லோரும் மெயிலைப் பிடித்து அழிக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். படங்கள் ஒட்டிவரும் விளம்பர மெயில் ஒன்று 75 கேபி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் முழு எச்டியில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு 100 எம்பியைத் தொடும். காதுகுத்து விழாவில் கால் மணி நேரம் எடுத்த வீடியோ 1,500 எம்பி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. அதே அளவு இடத்தை மெயிலை அழித்துப் பெற வேண்டுமென்றால் சுமார் 20,000 விளம்பர மெயில்களை அழிக்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு 20,000 மெயில்! விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவது ஏன் பயன்படவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

எது எவ்வளவு என்று பார்ப்பது எளிது. ஜிமெயில் செயலியில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். 15 ஜிபியில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று அங்கே மேகப் படத்தோடு ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் போட்டோஸ், டிரைவ், ஜிமெயில் எவ்வளவு எடுத்துக்கொண்டன என்று தனித்தனியாகக் காட்டும். அந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எது பெரிதோ அதிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் போதும்.

எப்படி இந்த நிலை வந்தது

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் இன்றைய குழப்பம் புரியும். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்தபோது ஒருவருக்கு 1 ஜிபி தருவதாகச் சொன்னது. அப்போது ஹாட்மெயில் தந்தது 2 எம்பி, யாஹூ தந்தது 4 எம்பி. ஏப்ரல் முதல் தேதி என்பதால் இது விளையாட்டு அறிவிப்பு என்றே பலர் எண்ணினார்கள். அதுவரை மெயில் வைத்திருந்தவர்கள் வாரத்துக்கொரு முறை அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இனி எதையும் அழிக்க வேண்டாம், தேடி எடுத்துக்கொண்டால் போதும் என்று ஜிமெயில் பழக்கப்படுத்தியது. அந்தப் பழக்கம் நமக்குள் ஆழமாக ஊறிவிட்டது.

2013ல் கூகுள் சேவைகளின் இடம் ஒன்றாக்கப்பட்டு 15 ஜிபி ஆனது. 2015ல் கூகுள் போட்டோஸ் வந்தது. கொஞ்சம் சுருக்கிய தரத்தில் வைத்தால் எத்தனை படம் ஏற்றினாலும் கணக்கில் சேராது என்றார்கள். மலிவான டேட்டாவும் கேமரா போனும் நம் கிராமங்கள்வரை வந்து சேர்ந்த காலம் அது. போன் கடையிலேயே பேக்கப்பை ஆன் செய்து கொடுத்துவிடுவார்கள். பிறகு 2021 ஜூன் 1 முதல் சலுகை நின்றது. அன்றிலிருந்து ஏற்றிய படம், வீடியோ எல்லாம் 15 ஜிபிக்குள்தான். அடுத்து வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் சில ஆண்டுகள் கூகுள் கணக்கில் இலவசமாகத் தங்கியது. 2023 இறுதியில் தொடங்கி 2024ல் அதையும் இந்த 15 ஜிபிக்குள்ளேயே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அளவு கூடவில்லை, அதற்குள் எண்ணப்படும் பொருள்கள் கூடிக்கொண்டே போயின. உங்கள் பழக்கத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே பெட்டி திடீரென்று நிரம்பியதற்குக் காரணம் இதுதான்.

அளவை மிஞ்சிய கணக்கை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழையலாம், பழைய மெயிலைப் படிக்கலாம். புதிதாக எதுவும் வராது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளவுக்கு மேலேயே இருந்தால் மெயில், படம், கோப்பு எல்லாவற்றையும் அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. அழிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன் அறிவிப்போம் என்கிறார்கள். அந்த அறிவிப்பைத் திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது உதவும்.

படங்களும் வீடியோக்களும்

போட்டோஸ் பக்கத்தில் கை வைக்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். போனில் உள்ள இடம் வேறு, கணக்கில் உள்ள இடம் வேறு. 128 ஜிபி போன் வாங்கியிருக்கிறேனே, பிறகு ஏன் நிரம்புகிறது என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். போனின் 128 ஜிபி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கணக்கின் 15 ஜிபி கூகுளின் கணினிகளில் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தை ஒரு பொத்தான் இன்னும் அதிகமாக்குகிறது. கூகுள் போட்டோஸில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இடத்தைக் காலியாக்கும் என்றுதான் பெயர். ஆனால் அது காலியாக்குவது போனின் இடத்தை. ஏற்கனவே கணக்கில் ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து நீக்கிவிடும். கணக்கில் ஒரு எம்பிகூடக் குறையாது. மெயில் நிரம்பியதற்காக அதை அழுத்தினால், படங்கள் போனிலும் இல்லாமல் கூகுளில் மட்டுமே இருக்கும் நிலை வரும். அதற்குப் பிறகு அங்கேயும் அழித்தால் எங்குமே இருக்காது. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கணக்கிலும் போகும், போனிலும் போகும். குலதெய்வக் கோயில் படம் போனில் இருக்கும் என்று நம்பி அழித்தவர்கள் இரண்டு இடத்திலும் இழக்கிறார்கள்.

அதனால் முதலில் நகல் எடுங்கள். நல்ல வழி: படங்களை ஒரு கணினிக்கோ பென் டிரைவுக்கோ மாற்றுவது. பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினி பல வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. இதற்கு அது போதும். போனைக் கேபிளில் இணைத்துக் கேமரா கோப்புறையை அப்படியே நகலெடுக்கலாம். போனில் இல்லாமல் கூகுளில் மட்டும் இருப்பவற்றை எடுக்க ‘கூகுள் டேக்கவுட்’ என்ற வசதி உண்டு. எது வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால், எல்லாவற்றையும் கட்டித் தரவிறக்க இணைப்பை அனுப்பும். பெரிய கணக்கு என்றால் நேரம் பிடிக்கும். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பார்த்த பிறகே அழிக்கத் தொடங்க வேண்டும். கல்யாண வீடியோ விஷயத்தில் ஒரே ஒரு பென் டிரைவை நான் நம்பமாட்டேன். இரண்டு இடத்தில் வையுங்கள்.

அழிக்கும்போது வீடியோக்களைப் பிடியுங்கள், படங்களை அல்ல. 4 எம்பி படம் என்றால் 15 ஜிபியில் மூவாயிரத்து எண்ணூறு படம் பிடிக்கும். மேலே சொன்ன கால் மணி நேர வீடியோ பத்துத்தான் பிடிக்கும். போட்டோஸில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தால் பெரிய வீடியோக்கள், மங்கலான படங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள் என்று பிரித்துக் காட்டும். பெரிய வீடியோக்களில் பத்து இருபதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பாக்கெட்டில் இருக்கும்போது தவறிப் பதிவான வீடியோ, கறுப்பாக ஆறு நிமிடம் ஓடுவது, ஒன்றாவது கட்டாயம் கிடைக்கும்.

2021 ஜூன் 1க்கு முன் சுருக்கிய தரத்தில் ஏறிய படங்கள் கணக்கில் எண்ணப்படுவதில்லை. அவற்றை அழித்தால் ஒரு துளி இடமும் கிடைக்காது. பிள்ளை பிறந்தபோது எடுத்த பழைய படங்களை, பழசுதானே என்று முதலில் அழிப்பது ரொம்பப் பேர் செய்வது. அவற்றைத் தொடாதீர்கள். 2021க்குப் பிந்தியவற்றில் தேடுங்கள்.

அழிக்க மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. போட்டோஸின் அமைப்புகளில் பேக்கப் தரம் ‘ஒரிஜினல்’ என்று இருந்தால் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று மாற்றுங்கள். இனி ஏறும் படங்கள் 16 மெகாபிக்சலுக்குள்ளும் வீடியோக்கள் 1080பிக்குள்ளும் சுருக்கப்படும். வீட்டுப் படங்களுக்கு இது தாராளம். ஏற்கனவே முழுத் தரத்தில் ஏறியவற்றையும் சுருக்கலாம். அதைக் கணினியில், பிரவுசர் வழியாகக் கூகுள் போட்டோஸின் அமைப்புகள் பக்கத்துக்குப் போய், ‘ரெக்கவர் ஸ்டோரேஜ்’ என்பதை அழுத்திச் செய்ய வேண்டும். சுருக்கியதைத் திரும்பப் பெரிதாக்க முடியாது. ஸ்டூடியோக்காரர் கொடுத்த முழுத் தரப் படங்களை அங்கே ஏற்றி வைத்திருந்தால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்

ஊர்க் குழு, சொந்தக்காரர் குழு, பள்ளித் தோழர் குழு, சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோடு தினம் பேசும் குழு. காலை வணக்கம் வீடியோக்கள் எல்லாக் குழுவிலும் வரும். இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் அத்தனையையும் கட்டி கூகுள் கணக்குக்கு அனுப்பிவிடுகிறது. அதில் வீடியோவும் சேர்க்கப்பட்டிருந்தால் பேக்கப் ஐந்தாறு ஜிபி ஆவது சாதாரணம்.

இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. கூகுள் போட்டோஸில் கேமரா கோப்புறையோடு வாட்ஸ்அப் கோப்புறையையும் பேக்கப் செய்யச் சொல்லி வைத்திருந்தால், அதே காலை வணக்கம் வீடியோ போட்டோஸிலும் ஏறும், வாட்ஸ்அப் பேக்கப்பிலும் ஏறும். ஒரே பொருள் இரண்டு முறை இடம் பிடிக்கிறது. போட்டோஸ் அமைப்புகளில் எந்தெந்தக் கோப்புறைகள் ஏறுகின்றன என்று பாருங்கள். வாட்ஸ்அப் பெயருள்ளவற்றை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்து வாட்ஸ்அப்புக்குள். அமைப்புகளில் ‘சாட்ஸ்’, அதற்குள் ‘சாட் பேக்கப்’. வீடியோக்களைச் சேர்க்கலாமா என்று ஒரு வரி இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பிறகு ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் இடத்துக்குப் போனால், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை, 5 எம்பிக்கு மேலானவை என்று தனியாகத் தொகுத்து வைத்திருக்கும். அவற்றை மொத்தமாக அழிக்கலாம். முடித்ததும் சாட் பேக்கப்புக்குத் திரும்பி, உடனே ஒரு புதிய பேக்கப் எடுக்க வேண்டும். புதியது ஏறும்போது பழைய பெரிய பேக்கப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடைசி அடியை விட்டுவிட்டால் கணக்கில் எதுவும் குறையாது.

பேக்கப்பையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். போன் தொலைந்தால் பேச்சு முழுவதும் போய்விடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எழுத்துப் பேச்சும் படங்களும் மட்டும் உள்ள பேக்கப் சிறியதாகத்தான் இருக்கும், அது இருக்கட்டும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சோதியுங்கள். நம் வீடுகளில் ஒரே ஜிமெயில் கணக்கு அப்பா போனிலும், அம்மா போனிலும், தங்கை போனிலும் இருக்கும். புது போன் வாங்கும்போது இருக்கிற கணக்கையே போட்டுக்கொள்வது எளிது என்பதால் அப்படி ஆகிவிடுகிறது. அப்போது மூன்று போன்களின் படங்களும் ஒரே 15 ஜிபியில் வந்து விழும். தேர்வுக்குக் கொடுத்திருக்கும் முகவரி அதுவாக இருந்தால், அம்மா எடுத்த வளைகாப்பு வீடியோவால் மகளின் அழைப்பு மெயில் திரும்பிப் போகும். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதும், விண்ணப்பங்களுக்குக் கொடுத்த கணக்கில் போட்டோஸ் பேக்கப்பை நிறுத்திவிடுவதும் இதற்குச் சரியான தீர்வு.

டிரைவ்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். டிரைவில் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் பெரியவை மேலே வரும். பயிற்சி வகுப்பு வீடியோக்கள், சினிமா, கல்லூரி புராஜெக்ட் கோப்புகள்தான் வழக்கமாக அங்கே இருக்கும். மற்றவர் உங்களோடு பகிர்ந்த கோப்புகள் உங்கள் கணக்கில் சேராது, உரியவர் கணக்கில்தான் சேரும். ஆகவே பயிற்சி மையம் பகிர்ந்த நோட்ஸை அழித்துப் பயனில்லை. அழித்தவை டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதுவரை இடத்தையும் விடாது.

இப்போது மெயிலுக்கு வருவோம்

மெயில் சிறிய பங்காளி என்றாலும் அதிலும் சில ஜிபி கிடைக்க வாய்ப்பு உண்டு. இங்கும் விதி அதேதான்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். எடை இணைப்புகளில் இருக்கிறது. ஒரு கோப்பை மெயிலில் இணைக்கும்போது அதை அனுப்பத்தக்க எழுத்துகளாக மாற்றுவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடவும் செய்யும்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் என்று போட்டுத் தேடுங்கள். பெட்டியில் உள்ள கனமான மெயில்கள் மட்டும் வரும். பிறகு 5 எம்பி, அதன் பிறகு 2 எம்பி. படிவம் இல்லாமலும் தேடலாம்: ‘லார்ஜர்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, 10 என்ற எண்ணையும் ‘எம்’ எழுத்தையும் சேர்த்தால் அதே பட்டியல் வரும். ‘பிஃபோர்’ என்று தட்டி முக்காற்புள்ளி வைத்து 2020/01/01 என்று கொடுத்தால் அந்தத் தேதிக்கு முந்தியவை மட்டும் வரும். இரண்டையும் ஒன்றாகவும் போடலாம். கணினி இல்லாதவர்கள் போனிலேயே கூகுள் ஒன் பக்கத்துக்குப் போகலாம். பெரிய இணைப்புள்ள மெயில்கள், பெரிய வீடியோக்கள், குப்பையில் கிடப்பவை, ஸ்பேம் ஆகியவற்றை அங்கே ஒரே இடத்தில் காட்டுகிறார்கள்.

அனுப்பியவை பகுதியை மறக்காதீர்கள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க அவர்கள் முகவரிக்கு அனுப்பிய ஸ்கேன்கள், நமக்கு நாமே அனுப்பிக்கொண்ட பிடிஎஃப்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். நாம் அனுப்பிய மெயிலின் நகலும் நம் இடத்தைத்தான் எடுக்கிறது. இடத்தைத் தாண்டி ஒரு கவலையும் இதில் எனக்கு உண்டு. ஆதார் நகலும் மதிப்பெண் பட்டியலும் கடைக்காரரின் மெயில் பெட்டியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோவது எவ்வளவோ மேல்.

விளம்பர மெயில்கள் இடத்தைவிடக் கண்ணைத்தான் அதிகம் மறைக்கின்றன. கணினியில் ‘ப்ரொமோஷன்ஸ்’ பகுதிக்குப் போய் மேலே உள்ள கட்டத்தைத் தொட்டால் அந்தப் பக்கத்தில் உள்ளவை தேர்வாகும். உடனே மேலே இன்னொரு வரி தோன்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்று கேட்கும். அதைத் தொட்டுவிட்டு அழித்தால் ஆயிரக்கணக்கில் ஒரே அடியாகப் போகும். அதற்கு முன் அங்கே தேர்வு, வங்கி, மருத்துவமனை என்று தேடிப் பாருங்கள். முக்கியமான மெயிலும் சில நேரம் அந்தப் பகுதியில் போய் விழுந்திருக்கும். இனி வராமல் இருக்க, மெயிலில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று இருப்பதை அழுத்தலாம். தெரிந்த கடை, தெரிந்த நிறுவனம் என்றால் அழுத்துங்கள். யார் என்றே தெரியாத மெயிலில் எந்த இணைப்பையும் தொடாமல் ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள்.

இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு மெயிலை வைத்துக்கொள்ள ஜிமெயிலில் வழி இல்லை. கோப்பைக் கணினியில் சேமித்த பிறகு மெயிலையே அழிக்க வேண்டும். ‘ஆர்க்கைவ்’ செய்தால் மெயில் இன்பாக்ஸிலிருந்து மறையும், இடம் குறையாது. அழித்தவையும் ஸ்பேமும் 30 நாள் கழித்துத்தான் தானாகப் போகும். இன்றே இடம் வேண்டும் என்றால் டிராஷ், ஸ்பேம் இரண்டுக்கும் போய் நீங்களே காலி செய்ய வேண்டும். கூகுள் போட்டோஸின் தொட்டியில் அழித்தவை 60 நாள்வரை இருக்கும். அதையும் காலி செய்யுங்கள். எல்லாம் முடித்த பிறகும் எண் உடனே குறையாமல் இருக்கலாம். சில மணி நேரம் விட்டு, தேவையானால் மறுநாள் பாருங்கள்.

அழிக்கக் கூடாதவை: விண்ணப்பம் சமர்ப்பித்ததற்கான மெயில், கட்டணம் செலுத்திய ரசீது, ஹால் டிக்கெட், பதிவு எண் உள்ள எதுவும், காப்பீட்டு பாலிசி, வேலை நியமனக் கடிதம், மருத்துவ அறிக்கை. இவை எல்லாம் சேர்ந்தாலும் 100 எம்பி வராது. இடத்துக்காக இவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சான்றிதழ்களுக்கு மெயிலை நம்பி இருக்கவும் தேவையில்லை. 2015ல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில், வழங்கிய துறையிடமிருந்து நேரடியாக வரும் ஆவணங்களுக்குச் சட்டப்படி அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கும் அங்கே 1 ஜிபி தருகிறார்கள்.

காசு கட்டலாமா, புதுக் கணக்கு தொடங்கலாமா

கூகுள் ஒன் திட்டத்தில் 100 ஜிபிக்கு இந்தியாவில் மாதம் 130 ரூபாய் என்று விலை வைத்தார்கள். குடும்பத்தில் மேலும் ஐந்து பேரோடு பகிரலாம். படம் எடுப்பதே தொழிலாக உள்ளவருக்கு இது நியாயமான செலவு. மற்றவர்கள் முதலில் வீடியோவையும் வாட்ஸ்அப்பையும் சரி செய்து பார்க்கட்டும். பெரும்பாலோருக்குக் காசு கட்டும் தேவையே வராது. கட்டத் தொடங்கி 40 ஜிபி நிரப்பிய பிறகு நிறுத்தினால், அளவு மறுபடியும் 15 ஜிபிக்கு வரும், மெயில் மறுபடியும் நிற்கும்.

புதுக் கணக்கு தொடங்கிவிடலாம் என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. பழைய முகவரியைத்தான் தேர்வாணையத்துக்கும் வங்கிக்கும் கல்லூரிக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அங்கெல்லாம் மாற்றாமல் புதியதைத் தொடங்கினால் அழைப்பு பழைய பெட்டிக்கே போகும். படங்களை வைக்க மட்டும் இரண்டாவது கணக்கு என்றால் சரி. ஆனால் இரண்டு ஆண்டுகள் நுழையாமல் கிடக்கும் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. அதனால் அந்தக் கணக்கிலும் அவ்வப்போது நுழைந்துகொண்டே இருக்க வேண்டும். போன் கடையில் போட்டுக் கொடுத்து, கடவுச்சொல் என்னவென்றே தெரியாத கணக்காக இருந்தால், போனில் அது திறந்திருக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றி உங்கள் கைபேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். போன் உடைந்த பிறகு செய்வது கடினம்.

உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இந்த இணைப்பைத் தொட்டு உடனே சரிசெய்யுங்கள் என்று மெயிலோ குறுஞ்செய்தியோ வந்தால் தொடாதீர்கள். கடவுச்சொல்லைப் பறிக்க மோசடிக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தும் வாசகம் அது. உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா என்று செயலியை நீங்களே திறந்து உங்கள் படத்தைத் தொட்டால் தெரிந்துவிடும். ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஒரே தொடுதலில் மெயிலைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் வெளிச் செயலிகளுக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம். அவை உங்கள் மெயில் முழுவதையும் படிக்கும் உரிமையைக் கேட்கின்றன.

இடம் கிடைத்ததும் வேறு ஒரு கணக்கிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். வந்து சேர்ந்தால் பெட்டி திறந்துவிட்டது. ஆனால் நிரம்பிக் கிடந்த நாட்களில் திரும்பிப் போன மெயில்கள் தாமாக வந்துவிடா. எப்போதிலிருந்து புதிய மெயில் நின்றது என்று இன்பாக்ஸில் தேதியைப் பாருங்கள். அந்த நாளிலிருந்து இன்றுவரை என்னென்ன அறிவிப்பு வந்திருக்கிறது என்று தேர்வாணையத்தின் தளத்தில் உங்கள் பதிவு எண்ணோடு நுழைந்து பார்க்க வேண்டும். கல்லூரி, வங்கி, விண்ணப்பித்த நிறுவனம் என்று ஒவ்வொன்றாக நீங்களே போய்க் கேட்க வேண்டும். அதை அன்றைக்கே செய்துவிடுங்கள்.